எப்பாவும் எபாவும்

குளிரூட்டி வேலை பழக வருகிற உங்களுக்குக் கொடுக்கிற பயிற்சிக் கொப்பியில் ஏழாவதாக ஒரு விதி இருக்கிறது. கூரைக்கு ஏறுகிறவர் கீழே மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டிவிட்டு, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டுதான் ஏற வேண்டும். வேலை முடிந்ததும் அவரே இறங்கி வந்து, தன் கையாலேயே பூட்டைத் திறக்க வேண்டும். நடுவில் யார் கேட்டாலும், கட்டடத்துக்காரரே வந்து நின்று கேட்டாலும், சாவி கைமாறக் கூடாது. இந்த விதியை எழுதிக் கொடுத்தவன் நான்தான்.

போன மாதம் பட்டறைக்கு வந்திருந்தபோது உங்களில் ஒரு தங்கச்சி கேட்டார்: "அங்கிள், கீழ நிக்கிறது நம்ம ஆளுதானே? ஒரு சத்தம் போட்டா போதாதா? பூட்டுறதும் தெறக்கிறதும் ஏறுறதும் எறங்குறதும், இதுலயே பாதி நாள் போயிருதே."

நல்ல கேள்வி. நான் சிரித்து மழுப்பிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தேன். வீட்டுக்கு வந்தபிறகு இரண்டு நாள் மனது சரியில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். வாசித்துவிட்டு என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். பூட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

என்னோடு பன்னிரண்டு வருஷம் கூரை ஏறிய ஒருவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் பெயரை எழுதப் போவதில்லை. எழுத அவனிடம் உத்தரவு கேட்கவில்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், நாங்கள் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. எல்லா வம்பும் அங்கேதான் தொடங்கியது.

நான் பலாங்கொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். அவன் கேகாலைப் பக்கத்துச் சிங்களவன். வீட்டில் கொஞ்சம் ரப்பர் மரம். தொண்ணூற்று நான்காம் ஆண்டு இரண்டு பேரும் ஒரே வாரத்தில் இரத்தினபுரியில் ஒரு குளிரூட்டிக் கொம்பனியில் சேர்ந்தோம். இரண்டு பேருக்கும் ஒரு கருவிப்பெட்டி, ஒரு கயிறு, பட்டறைக்குப் பின்னால் ஒரு அறை. அவனுக்கும் கூரையில் வைக்கிற குளிரூட்டி யூனிட் பற்றி ஒன்றும் தெரியாது, எனக்கும் தெரியாது. இரண்டு மடையர்களும் சேர்ந்து பிழை விட்டு விட்டுத்தான் படித்தோம்.

எனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. கடைத்தெருவிலும் பஸ்ஸிலும் பழகிய சிங்களம். அவனுக்கோ தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. முதல் வாரம் ஒரு வங்கியின் கூரையில் வேலை. நான் யூனிட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு, "எப்பா, அந்த ஸ்பேனர எடு" என்று பழக்கத்தில் எங்கள் பேச்சிலேயே சொல்லிக் கை நீட்டுவேன். ஸ்பேனர் வராது. திரும்பிப் பார்த்தால் எடுத்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என்னை முறைத்துக்கொண்டு நிற்பான். மறுபடி "எப்பா!" என்பேன். இன்னும் இரண்டடி தள்ளிப் போய் நிற்பான். பின்னேரம் வரை இப்படியே போனது. எனக்குக் கோபம் தலைக்கேறி, "உனக்குக் காது கேக்காதா?" என்று சிங்களத்தில் கத்தினேன். அவனும் கத்தினான்: "எதைத் தொட்டாலும் எபா எபா என்கிறாய், பிறகு ஏன் செய்யவில்லை என்று கேட்கிறாய்!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் பெரியவர் சின்னவர் வித்தியாசமில்லாமல் ஒருவரைக் கூப்பிட வேண்டுமென்றால் 'எப்பா' தான். இங்க பாரு என்றும் அர்த்தம், வா என்றும் அர்த்தம். சிங்களத்தில் 'எபா' என்றால் வேண்டாம், செய்யாதே. நடுவில் ஒரு ஒற்றெழுத்துத்தான் வித்தியாசம். வா வா என்று நான் கூப்பிடக் கூப்பிட அவன் தொடாதே தொடாதே என்று கேட்டிருக்கிறான். விஷயம் விளங்கியதும் வங்கிக் கூரையில் விழுந்து விழுந்து சிரித்தோம். மேனேஜர் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

அன்று முதல் அவன் எனக்கு எப்பா, நான் அவனுக்கு எப்பா. அவன் தமிழ் படித்ததும் அந்தச் சொல்லிலிருந்துதான். ஆசையில் படிக்கவில்லை, சந்தேகத்தில் படித்தான். பஸ் நிலையத்தில் எங்கள் ஆட்களோடு நான் பேசிக்கொண்டிருந்தால் தன்னைத்தான் திட்டுகிறேன் என்று அவனுக்கு ஒரு நினைப்பு. இரண்டு வருஷத்தில் எங்கள் தோட்டத்துப் பேச்சை அப்படியே பேசினான். எங்கள் கல்யாணங்களுக்கு வந்து சமையல்காரரோடு சண்டை போடும் அளவுக்குப் பேசினான்.

வேலையிலும் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டது. மேலே போன ஆள் வேலையை முடித்துவிட்டு, குழாய்கள் ஏறும் பொந்தின் வழியாகக் கீழே பார்த்து, "எப்பா...!" என்று இழுத்து ஒரு சத்தம் போடுவான். கீழே நிற்கிறவன் சுவிட்சைப் போடுவான். கொம்பனி இதை எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. நாங்களாக ஆக்கிக்கொண்டது. ஊரில் எத்தனை கூரை, எத்தனை பொந்து! ஒரு தடவைகூடப் பிசகவில்லை. பிசகாததால் அது பிசகாது என்றே நினைத்துவிட்டோம்.

அவனுடைய மூளையைப் பற்றி ஒன்று சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது. மாணிக்கக்கல் வியாபாரி ஒருவரின் கட்டடத்தில் குளிர் வரவில்லை என்று மூன்று தடவை முறைப்பாடு வந்தது. மூன்று தடவையும் போய் யூனிட்டைப் பிரித்து மேய்ந்தேன். ஒரு குறையும் இல்லை. வியாபாரி என்னைக் கள்ளனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். நாலாவது தடவை இவன் கூரைக்கு வரவே இல்லை. கீழே போய்க் கல் வாங்க வந்தவன்போல ஒரு கதிரையில் உட்கார்ந்துகொண்டான். அரை மணி நேரத்தில் மேலே வந்து சொன்னான்: "எப்பா, மெசினுக்கு ஒண்ணும் இல்ல. கல்லோட நெறம் பாக்க வெயில் வெளிச்சம் வேணுமாம். ஆளு வர்றப்பல்லாம் ரெண்டு ஜன்னலயும் தெறந்து வச்சிருக்காரு. நம்ம குளிரு முழுக்க ரோட்டுக்குப் போகுது."

பிறகு அவனே வியாபாரியிடம் பேசி, சூரியன் நேராக விழாத பக்கத்தில் ஒரு ஜன்னலுக்கு நிறமில்லாத நல்ல கண்ணாடி போடச் செய்து, கல் பார்க்கிற மேசையை அங்கே மாற்ற வைத்தான். நான் அறையின் மேல்தட்டில் குளிர்காற்று வரும் வாயை மேசைப் பக்கமாகத் திருப்பிவிட்டேன். அதோடு முறைப்பாடு நின்றது. யூனிட்டைத் திறப்பதற்கு முன்னால் கீழே போய் மனிதர்களோடு கொஞ்ச நேரம் உட்காருங்கள் என்று நான் உங்களிடம் ஓயாமல் சொல்வது என் சொந்தச் சரக்கில்லை, அவனுடையது.

இரத்தினபுரி மழை உங்களுக்குத் தெரியும். சொல்லாமல் வரும், வந்தால் போகாது. யூனிட்டின் மேல் தார்ப்பாய்ப் படங்கைக் கட்டிவிட்டு அதன் அடியில் குந்திக்கொண்டு சாப்பாட்டுப் பொதியைப் பிரிப்போம். கல்யாணமாகி இரண்டு பேரும் ஊருக்குள் வாடகை வீடு எடுத்த பிறகு, என் மனைவி கட்டிக்கொடுத்த ரொட்டியும் கட்டச் சம்பலும் அவனுக்கு, அவன் மனைவி சமைத்த பிஞ்சுப் பலாக்காய்க் கறியும் சோறும் எனக்கு. யார் வீட்டுச் சாப்பாட்டை யார் சாப்பிடுகிறார்கள் என்று இரண்டு மனைவிமாருக்கும் கடைசி வரை தெரியாது. எனக்கு இப்போது அறுபது கடந்துவிட்டது, நல்லதும் கெட்டதும் எவ்வளவோ சாப்பிட்டுவிட்டேன். அந்தப் படங்குக்கு அடியில் சாப்பிட்ட சோற்றுக்குத்தான் இன்னும் ஏங்குகிறேன்.

யுத்தம் மறுபடி தொடங்கியபோது வீதியெல்லாம் சோதனைச் சாவடி. கருவிப்பெட்டியோடு ஒரு தமிழன் போனால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. நான் வாயைத் திறக்குமுன் அவன் முந்திக்கொள்வான். "மூ அபே எக்கெனெக்" என்பான். இவன் நம்ம ஆள் என்று அர்த்தம். ஒவ்வொரு சாவடியிலும் சொன்னான். அலுத்துக்கொண்டதே இல்லை.

அந்த நாட்களில்தான் அது நடந்தது.

ஊரில் ஒரு கல்யாண மண்டபம். கூரையில் இரண்டு யூனிட். மேலேயே ஒரு சுவிட்ச் இருந்திருக்க வேண்டும். முன்பு இருந்ததாம், மழையில் துருப்பிடித்துப் போனதும் யாரோ கழற்றி எறிந்துவிட்டார்கள். ஆக, மெயின் சுவிட்ச் கீழே, சமையலறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில். காலையில் எங்களைக் கூப்பிட்டபோது மண்டபம் நிறைய ஆட்கள். ஒரு யூனிட்டில் காற்றை உள்ளே தள்ளும் புளோவரின் பெல்ட் கிறீச்சிட்டுக்கொண்டு கிடந்தது, காற்று போகவில்லை. மணமக்கள் மேடை ஏறும் நெகதவுக்கு, அதுதான் அவர்களுடைய சுப நேரத்துக்கு, ஒரு மணித்தியாலமும் இல்லை. மண்டபத்துக்காரருக்கு உயிர் போய் உயிர் வந்துகொண்டிருந்தது. மணப்பெண்ணின் முகப்பூச்சு கரைகிறது என்று யாரோ வேறு வந்து சொல்லிவிட்டார்கள்.

அவன் மேலே ஏறினான். நான் கீழே சுவிட்சடியில். பெல்ட்டை இறுக்கிவிட்டு "எப்பா...!" என்றான். போட்டேன். கிறீச் சத்தம் நிற்கவில்லை. அணைத்தேன். பெல்ட் ஓடும் கப்பி கோணியிருக்கிறது, நேராக்க வேண்டும் என்று பொந்து வழியாகச் சொன்னான். காத்திருந்தேன். என் பக்கத்தில் நின்று "போடுங்க, போடுங்க" என்று உயிரை எடுத்துக்கொண்டிருந்த மண்டபத்துக்காரர், பொறுக்க முடியாமல் பின் முற்றத்துக்கு ஓடினார். அங்கே நின்று அண்ணாந்து, சிங்களத்தில் "தான்னத?" என்று கத்தியிருக்கிறார். போடட்டுமா என்று கேட்டிருக்கிறார். சமையலறைப் புகையை வெளியே இழுக்கும் விசிறியின் இரைச்சலில் எனக்கு அது கேட்கவில்லை.

அவனுடைய வலது கை அப்போது பெல்ட்டுக்கும் கப்பிக்கும் நடுவில். அந்த நேரத்தில் போடட்டுமா என்று ஒருவர் கேட்டால், பயந்துபோகிற மனிதனுக்கு எந்த மொழி வாயில் வரும்? தாயிடம் படித்த மொழிதான் வரும். "எபா!" என்று கத்தினான்.

பொந்து வழியாக எனக்கு எப்பா என்று கேட்டது. போட்டேன்.

பிள்ளைகளே, இனி எழுதுவதை நான் யாரிடமும் சொன்னதில்லை, என் மனைவியிடம்கூட. சுவிட்சிலிருந்து கையை எடுக்குமுன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. எங்களுடைய எப்பா நீளமாக இழுபடும். இது வெட்டிக்கொண்டு வந்தது. அலறல் கேட்பதற்கு முன்பே எனக்கு விளங்கிவிட்டது. உடனே அணைத்தேன். அணைத்து என்ன பிரயோசனம்.

ஓடிப் போனபோது அவன் யூனிட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கையைச் சட்டையில் சுற்றி மடியில் வைத்திருந்தான். ஆள்காட்டி விரலும் நடு விரலும் போய்விட்டன. முகம் வெளிறியிருந்தது, ஆனால் நிதானமாக இருந்தான். என்னைப் பார்த்துக் கேட்டான்: "எப்பா, ஒனக்கு என்னா கேட்டுச்சு?"

"பேசாத. கையத் தூக்கிப் புடி" என்றேன்.

"இல்ல, சொல்லு. ஒனக்கு என்னா கேட்டுச்சு?"

 தோளில் கை கொடுத்து இறக்கி, திரீவீலில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழி முழுக்க என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அவனை உள்ளே எடுத்த கொஞ்ச நேரத்தில் பொலிஸ் வந்தது. மண்டபத்துக்காரர் சொல்லிவிட்டார்: மேலே இருந்தவன் வேண்டாம் என்று கத்தியதை என் காதால் கேட்டேன், கீழே நின்ற தமிழன் வேண்டுமென்றே போட்டான் என்று. முதல் பாதியில் பொய்யில்லை. இரண்டாவது பாதி அந்தக் காலம் சொல்ல வைத்தது. என்னைப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய் ஒரு மர வாங்கில் உட்கார வைத்தார்கள். அடிக்கவில்லை. அடையாள அட்டையை மட்டும் திரும்பத் திரும்ப வாங்கிப் பார்த்தார்கள். பிறந்த இடம் எது, வடக்கில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். அந்த நாட்களில் அப்படி உட்கார்ந்த சிலர் வருஷக்கணக்கில் வீடு திரும்பவில்லை. எனக்கு இரண்டு பிள்ளைகள். 

பின்னேரம் சார்ஜன்ட் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தார். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அவன் சொல்கிறான், தான் எபா என்று சொல்லவே இல்லையாம். எப்பா என்றுதான் கூப்பிட்டானாம். அது உங்கள் ரெண்டு பேருக்கும் சுவிட்ச் போடச் சொல்கிற சொல்லாம். கையை எடுக்காமல் கூப்பிட்டது தன் பிழையாம். கொம்பனியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்களாம். என்ன பாஷையோ உங்கள் பாஷை! போ, வீட்டுக்குப் போ."

மறுநாள் கொம்பனியில் ஒரு அறிக்கை எழுதிக்கொண்டு வந்து நீட்டினார்கள். மேலே இருந்தவர் வழக்கமான சொல்லால் கூப்பிட்டார், அதைக் கேட்டு நான் சுவிட்சைப் போட்டேன் என்று இருந்தது. அவன் சொன்னதையும் நான் சொல்ல வேண்டியதையும் ஒன்றாக்கி வைத்திருந்தார்கள். கையெழுத்துப் போட்டேன். பொய் என்று தெரிந்துகொண்டே போட்டேன். கையை உள்ளே வைத்துக்கொண்டு போடச் சொன்ன ஆளைக் கொம்பனி வைத்திருக்குமா? தன் கவனக்குறைவு என்று அவன் வாக்குமூலமே இருக்கிறது. அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அடுத்த மாதம் எங்கள் குழுவுக்கு என்னைத் தலைவனாகப் போட்டார்கள்.

இப்போது உங்களுக்கு விளங்கும், பூட்டு எதற்கென்று. கீழே நிற்பவர் கெட்டவராக இருந்தால் நாம் கவனமாக இருப்போம். அவனும் நானும் முன்பின் தெரியாதவர்களாக இருந்திருந்தால், அந்தச் சத்தம் என் காதில் சிங்களமாகத்தான் விழுந்திருக்கும், சுவிட்சில் கை வைத்திருக்க மாட்டேன். அவ்வளவு நெருங்கிப் பழகியதால் ஒருவன் பாஷை மற்றவன் காதில் மாறிக் கேட்டுவிட்டது. ஆகவே நம்ம ஆள் என்பதற்காகப் பூட்டாமல் ஏறாதீர்கள். தொழிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். மிச்சம் தொழில் இல்லை.

ஆஸ்பத்திரிக்கு நான் போகவில்லை.

முதல் நாள் போகாததற்குக் காரணம் இருந்தது. வார்டு வாசலில் அவனுடைய அண்ணன் தம்பிமார் கொதித்துக்கொண்டு நிற்பதாகச் சொன்னார்கள். கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கம் தலைகாட்டாதே என்று சார்ஜன்டும் சொல்லியிருந்தார். மூன்றாம் நாள் தோடம்பழம் வாங்கிக்கொண்டு கேட் வரை போனேன். உள்ளே போனால் அவன் அந்தக் கேள்வியை மறுபடி கேட்பான் என்று நினைத்தேன். திரும்பி வந்துவிட்டேன். பழத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். பயம் மூன்று நாளில் போய்விட்டது. அதற்குப் பிறகு வெட்கம். நாளைக்குப் போகலாம், சம்பளத்துக்குப் பிறகு போகலாம், தீபாவளி கழியட்டும் என்று தள்ளிப்போட்டேன். அவன் வாடகை வீட்டைக் காலி செய்துகொண்டு கேகாலைக்குப் போனான் என்று கேள்விப்பட்டபோது நான் கொடகவெலயில் ஒரு ஆடைத் தொழிற்சாலைக் கூரையில் இருந்தேன்.

பிறகு எத்தனையோ பேரோடு கூரை ஏறினேன். நல்ல பிள்ளைகள்தான். மழை வந்தால் எல்லோரும் இறங்கிப் போய் கடையில் சாப்பிடுவார்கள். நான் மட்டும் படங்குக்கு அடியில் கொஞ்ச நேரம் குந்தியிருப்பேன். இந்த ஆளுக்கு என்னவோ என்று பேசிக்கொண்டார்கள், என் காதிலும் விழுந்தது. தினமும் அவனிடம் மனதுக்குள் பேசிக்கொண்டிருந்தேன். ஏதாவது யூனிட் மக்கர் பண்ணினால் அவன் என்ன செய்வான் என்று யோசிப்பேன். பிள்ளைகளுக்குப் படிப்பு வந்தாலும் வராவிட்டாலும் அவனிடம் சொல்ல வேண்டும்போல இருக்கும்.

யுத்தம் முடிந்த வருஷம், சாவடிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தபோது, எனக்கு இனி ஒரு சாட்டும் மிச்சமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலிலேயே பஸ் ஏறி, அவிசாவளையில் மாறி, கேகாலையில் மாறி, மாவனல்லையில் இறங்கினேன். அவன் ஊர் அங்கிருந்து உள்ளே. சந்தியில் ஒரு முஸ்லிம் கடைக்காரரிடம் விசாரித்தேன். "கரண்ட் பேன் திருத்துற ஆளா? வெரல் இல்லாத மனுஷன்? ஊட்லதான் ஈக்கிறார். ரப்பர் தோட்டத்தால மேல போங்க" என்று வழி காட்டினார்.

வாசலில் ஒரு மேசை. அதன் மேல் பிரித்துப்போட்ட மேசை விசிறிகள். அவன் இடது கையால் ஆணி திருக, அவன் மனைவி மறுபக்கம் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்தான். கொஞ்சம் நரைத்திருந்தான். சிரித்தான். "என்ட மாத்தயா, வாடிவென்ட" என்று கதிரையை இழுத்துப் போட்டான். வாங்க ஐயா, உட்காருங்கள் என்று சிங்களத்தில் சொன்னான். ஒரு விருந்தாளிக்குச் சொல்வதுபோல. மனைவியை உள்ளே தேத்தண்ணி வைக்க அனுப்பினான்.

நான் உட்காரவில்லை. வழி முழுக்க மனப்பாடம் செய்துகொண்டு வந்ததை நின்றபடியே தமிழில் கொட்டினேன். "அன்னிக்கு நீ கேட்டியே, எனக்கு என்னா கேட்டுச்சுன்னு. எப்பான்னு கேட்டுச்சு. அதான் போட்டேன். ஆனா சுவிட்ச விட்டுக் கையெடுக்கிறதுக்குள்ள வெளங்கிருச்சு, நீ எபான்னு கத்தியிருக்கேன்னு. தெரிஞ்சுகிட்டேதான் அந்தக் கடதாசில கையெழுத்துப் போட்டேன். இப்ப கொம்பனிக்கு எழுதிக் குடுக்கிறேன். பொலிசுக்கும் எழுதிக் குடுக்கிறேன். என் வேல போனாலும் பரவால்ல."

அவன் பொறுமையாகக் கேட்டான். பிறகு சிங்களத்திலேயே பதில் சொன்னான். கோபம் கொஞ்சமும் இல்லை.

"யாருக்கும் எழுத வேண்டாம். பொலிசிடம் நான் சொன்னதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். உங்களுக்கு விளங்கிவிட்டது என்று கூரையில் உங்கள் முகத்தைப் பார்த்தபோதே எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் இருந்தேன். யார் வந்தாலும் நீங்கள்தான் என்று வாசலைப் பார்ப்பேன். இதை நீங்கள் பொலிசிடம் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. என்னிடம் வந்து சொன்னால் போதும் என்றுதான் இருந்தேன்."

 தேத்தண்ணி வந்தது. என் மனைவியின் சுகம் கேட்டான், பிள்ளைகள் எத்தனையாம் வகுப்பு என்று கேட்டான். தன் மகள் நன்றாகப் படிக்கிறாள் என்றான். நான் கொண்டுபோன ரொட்டிப் பொதியை நன்றி சொல்லி வாங்கி உள்ளே கொடுத்தான். பிரித்துப் பார்க்கவில்லை. எழுந்து என்னை ஒரு அறை அறைந்திருந்தால், என் அம்மாவை இழுத்து ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால், அங்கேயே அவன் காலைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பேன். அவன் பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தி வைத்தான்.

மழை தூறத் தொடங்கியது. வேண்டாம் என்று சொல்லியும் குடையை எடுத்துக்கொண்டு சந்தி வரை கூட வந்தான். ஒரே குடைதான். பாதிக்கு மேல் என் பக்கமே பிடித்துக்கொண்டு வந்ததில் அவன் தோள் நனைந்தது. பஸ் வந்தபோது அவனே கை காட்டி நிறுத்தினான். படியில் கால் வைத்ததும், அன்றைக்கு முதல் தடவையாக, கடைசித் தடவையாகவும், தமிழில் பேசினான்.

"கவனமா போய்ட்டு வாங்க" என்றான்.

பன்னிரண்டு வருஷத்தில் எங்களுக்குள் நீ, வா, போ, டா தவிர ஒன்றும் இருந்ததில்லை. இந்த 'ங்க' எதற்கு என்று ஒருநாள் படங்குக்கு அடியில் அவன் கேட்டபோது, மரியாதையாக நடத்த வேண்டிய வெளி ஆட்களுக்குப் போடுவது என்று சொல்லிக்கொடுத்தவன் நான்தான். அவன் அதைச் சரியான இடத்தில்தான் போட்டான்.